சில்லறையின் பெறுமானம்: கொங்கு நாட்டில் காசும் புள்ளியும்

இந்தியாவில் ரோமானிய வெள்ளிக்காசுகள் மிகுதியாகக் கிடைத்த பகுதிகளில் கொங்கு நாடு முன்வரிசையில் நிற்கிறது. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842, 1891, 1931 ஆகிய ஆண்டுகளில் காசுக்குவியல்கள் வெளிப்பட்டன. 1842-இல் கிடைத்தவை மட்டும் 522. உடுமலைப்பேட்டை பக்கம் பூதிநத்தத்தில் 1946-இல் 1,398 காசுகள் அகப்பட்டன. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே ஏறி, நொய்யல் கரையோரமாகக் கொடுமணலையும் அப்பால் கரூரையும் தொட்ட வணிகப் பெருவழியின் மிச்சங்கள் இவை. இந்த வெள்ளியைக் கொண்டு யாரும் உப்போ மோரோ வாங்கியிருக்க முடியாது. ரோமாபுரியிலேயே இந்தக் காசு ஒன்று கூலியாளின் ஒரு நாள் ஊதியத்தை ஒட்டியது. இங்கே அது மணிக்கல்லுக்கும் மிளகுக்கும் ஈடாகப் பெருவணிகர் கையில் மாறியது. மீந்தது பானைக்குள் போய் மண்ணுக்கு அடியில் தங்கிவிட்டது.

அன்றாடம் புழங்கிய காசு வேறு. கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்தவர்களுக்கு வில்லும் யானையும் பொறித்த சேரர் செப்புக்காசுகள் கிடைத்தன. தேய்ந்து முகம் அழிந்துபோன பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளும் அவற்றோடு கலந்து வந்தன. நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றைத் தொகுத்து நூல்களாக்கினார். வெள்ளி பானையில் முடங்கிக் கிடக்க, செம்பு கைக்குக் கை மாறித் தேய்ந்திருக்கிறது. ஒரு காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அவ்வளவு அது உழைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இடைக்காலக் கொங்குக் கல்வெட்டுகளில் பழஞ்சலாகை அச்சு என்ற நாணயம் அடிக்கடி வருகிறது. அதைக் கோயிலில் முதலாக வைத்து, அதன் பொலிசையில், அதாவது வட்டியில், சந்தியா விளக்கு எரிக்க ஏற்பாடு செய்வார்கள். கல்லில் எழுதத் தக்கது பெருந்தொகைதான். கீரைக்குக் கொடுத்த காசை எவரும் கல்லில் வெட்டுவதில்லை. சிறு அளவுகளை நுணுக்கமாகப் பிரிக்கும் பழக்கம் மட்டும் மக்களிடம் ஊறியிருந்தது. ஒன்றை இருபதாகப் பிரித்தால் மா, எண்பதாகப் பிரித்தால் காணி, முந்நூற்றிருபதாகப் பிரித்தால் முந்திரி. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு இந்த வாய்பாடு தண்ணீர்பட்ட பாடு. பின்னாளில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கணக்கிலும் ஒரு பணத்துக்கு 80 காசு என்றே இருந்தது. அதாவது ஒரு காசு, பணத்தில் ஒரு காணி.

மைசூர் ஆட்சியில் கொங்குச் சந்தைகளில் ஓடிய முக்கிய நாணயம் தங்கப் பணம். கண்டீராயப் பணம், வீரராயன் பணம் என்று வகைகள் இருந்தன. 1799-இல் திப்பு வீழ்ந்து கொங்குப் பகுதி கம்பெனியார் கைக்கு வந்ததும், அவர்களுக்காக நாட்டைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன் 1800-இன் இறுதியில் இவ்வழியாகச் சென்றார். விளைச்சலையும் கூலியையும் நெசவையும் பற்றி அவர் எழுதிய கணக்குகளில் வீரராயன் பணம் வருகிறது. துவரம்பருப்பு அளவே உள்ள இந்தத் தங்கத் துணுக்கைக் கையால் எண்ணுவது பெரும்பாடு. எனவே காசுக்கடைக்காரர்கள் வரிசை வரிசையாகக் குழி போட்ட ஒரு மரப்பலகை வைத்திருந்தார்கள். காசுகளை அதன்மேல் கொட்டி லேசாகக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக விழும். மீந்ததைத் தள்ளிவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. தங்கத்துக்குக் கீழே செம்பு. ஒரு பக்கம் யானை பொறித்த மைசூர்க் காசுகளே அன்றைய சில்லறை.

வராகன் என்ற பெரிய தங்க நாணயம், பணம், காசு, இவற்றோடு வெளியூர் ரூபாய் என்று நாலைந்து வகை நாணயம் ஒரே சந்தையில் ஓடியதால் ஒன்றை இன்னொன்றாக மாற்றாமல் பிழைப்பு நடக்காது. மாற்றும்போதெல்லாம் காசு மாற்றித் தரும் சராப்பு, வட்டம் என்ற கழிவைப் பிடிப்பார். குடியானவர் தானியம் விற்றுச் சிறுகாசாக வாங்கியதை வரி கட்டும்போது அரசு கேட்கும் நாணயமாக மாற்றியாக வேண்டும். வரி உயராத ஆண்டிலும் வட்டம் உயர்ந்தால் அவருக்கு அது வரி உயர்வுதான். 1818 முதல் சென்னை மாகாணத்தில் ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்கு நிலைப்படுத்தப்பட்டது. 1835-இல் கம்பெனி ஆட்சிப்பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாய் வந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி, ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. காலணா, அரையணா, ஓரணா, இரண்டணா, நாலணா, எட்டணா என்ற வரிசை அடுத்த நூற்றிருபது ஆண்டுகள் நின்றது. இரண்டாம் உலகப்போரில் செம்புக்குத் தட்டுப்பாடு வந்ததும் 1943-இல் நடுவில் துளையிட்ட காலணா அச்சாயிற்று. ஓட்டைக்காலணா என்று இன்றும் கிராமத்துப் பெட்டிகளில் கிடப்பது அதுதான்.

1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணயம் நடைமுறைக்கு வந்தது. ஒரு ரூபாய்க்கு நூறு நயா பைசா. எட்டணா ஐம்பதாகவும் நாலணா இருபத்தைந்தாகவும் சுலபமாக மாறின. இடறியது அதற்குக் கீழே. ஓர் அணா என்பது ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லாததால் அருகிலுள்ள முழு எண்ணுக்குச் சரிக்கட்ட வேண்டும், சரிபாதியாக வந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதன்படி ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, காலணாவுக்கு 2 நயா பைசா. கடைத்தெருவில் இதன் விளைவு வேடிக்கையானது. ஓர் அணாப் பொருளைப் பதினாறு முறை தனித்தனியாக வாங்கியவர் 96 நயா பைசா கொடுத்தால் போதும்; ரூபாய்க்கு நான்கு பைசா மிச்சம். காலணாப் பொருளை நான்கு முறை வாங்கியவரோ ஆறேகால் பைசாவுக்குப் பதில் எட்டுப் பைசா கொடுத்தார். காலணா காலணாவாகச் செலவு செய்கிறவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. நயா என்ற அடைமொழி 1964 ஜூன் 1 முதல் நீங்கியது. அதே ஆண்டில் மூன்று பைசா வந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்துப் பைசாக்களும் அடுத்தடுத்து எடை குறைந்த அலுமினியத்துக்கு மாறின.

ஒரு பைசாவின் பெறுமானம் கொங்கு நாட்டில் உச்சத்துக்குப் போனது சந்தையில் அல்ல, கிணற்றடியில். இது மழை மறைவுப் பிரதேசம். மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால் தென்மேற்குப் பருவமழை இங்கே தூறலோடு நின்றுவிடும். பாறையைக் குடைந்து கிணறு வெட்டி, மாடு பூட்டிக் கவலை இறைத்துத்தான் தோட்டம் பயிராயிற்று. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது, கோவையில் பஞ்சாலைகள் பெருகின, மோட்டார் உற்பத்தியும் இங்கேயே தொடங்கியது. விடுதலைக்குப் பின் கிராமங்களுக்குக் கம்பி போனதும் கவலை மாடுகளின் இடத்தை மின் மோட்டார் பிடித்தது. நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரின் குதிரைத்திறன் ஏறியது. மாட்டுக்குத் தீனி வைத்தவர் இப்போது மீட்டருக்குப் பணம் கட்டினார்.

1970-இல் தமிழக அரசு விவசாய மின்சாரத்தின் கட்டணத்தை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தியது. நகரத்தில் இருந்தவர்களுக்கு இரண்டு பைசா ஒரு பொருட்டாகவே படவில்லை. தோட்டத்துக் கணக்கு வேறு மாதிரி. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 30 யூனிட். யூனிட்டுக்கு இரண்டு பைசா ஏறினால் நாளுக்கு 60 பைசா. மாதத்தில் 25 நாள் இறைத்தால் 15 ரூபாய். விளைபொருளின் விலையை நிர்ணயிக்கும் உரிமை இல்லாத ஒருவருக்கு, மாதா மாதம் வரும் செலவில் 15 ரூபாய் கூடுவது சிறு விஷயமல்ல. கோவைக்கு வடக்கே வையம்பாளையத்தைச் சேர்ந்த விவசாயி சி. நாராயணசாமி நாயுடு இந்தக் கணக்கை ஊர் ஊராகக் கொண்டுபோனார். கடையடைப்பு, மறியல் என்று போராட்டம் வலுத்தது. 1970 ஜூன் 19 அன்று திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் விவசாயிகள் மூவர் இறந்தனர். அதன் பிறகு அரசு யூனிட்டுக்கு ஒரு பைசாவைக் குறைத்து 9 பைசாவாக்கியது. ஒரு பைசா குறைவதற்கு மூன்று உயிர் என்று கொங்குக் கிராமங்களில் இன்றும் இதைச் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் பெருமாநல்லூரில் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

1972-இல் கட்டணப் பிரச்சினை மீண்டும் வெடித்தபோது விவசாயிகள் மாட்டுவண்டிகளைப் பூட்டிக்கொண்டு கோவை நகருக்குள் வந்து சாலைகளை அடைத்துவிட்டார்கள். மாடுகளை அவிழ்த்து ஓட்டிப்போய்விட்டால் வண்டிகளை நகர்த்த ஆளில்லை, நகரம் நின்றுபோயிற்று. 1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் நாராயணசாமி நாயுடு காலமானார். 1989-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவசத்தை எல்லா விவசாயிகளுக்கும் விரித்தது. பைசாவுக்காகத் தொடங்கிய வழக்கு பைசாவே இல்லாமல் முடிந்தது. விலையில்லாத மின்சாரத்தில் நீர்மட்டம் இன்னும் ஆழத்துக்குப் போனது தனிக்கதை. அதைப் போராடியவர்கள் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது.

பெருக்கிப் பார்க்கும்போது மட்டும் பெரிதாகும் இந்தப் பைசா, கொங்கின் வேறு தொழில்களிலும் உயிரோடு இருக்கிறது. நாமக்கல் முட்டை இதற்கு நல்ல சாட்சி. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982-இல் ஏற்பட்டது. பண்ணைக் கொள்முதல் விலையை அது மண்டலம் மண்டலமாக அறிவிக்கிறது. நாமக்கல் மண்டலத்தில் முட்டை விலை 5 காசு உயர்வு, 10 காசு சரிவு என்ற செய்தி நாளிதழ்களில் பஞ்சாங்கம் போலத் தவறாமல் வரும். ஒரு லட்சம் கோழி வைத்திருக்கும் பண்ணையில் நாளுக்கு 80,000 முட்டை விழுந்தால், ஐந்து காசு என்பது 4,000 ரூபாய். இதிலும் ஓர் உள்கணக்கு உண்டு. அறிவித்த விலையிலிருந்து இத்தனை காசு கழித்துத்தான் எடுப்போம் என்று வியாபாரிகள் பேரம் பேசுவார்கள். அதற்கு மைனஸ் என்று பெயர். வரத்து கூடிய நாளில் மைனஸ் ஏறும், தட்டுப்பாட்டில் இறங்கும். பண்ணையாளர் கவனிப்பது அறிவித்த விலையைவிட அன்றைய மைனஸைத்தான். கடையில் ஒற்றை முட்டை வாங்குகிறவருக்கு இந்தக் காசுகள் எட்டுவதே இல்லை. அங்கே விலை ஐம்பது காசு, ஒரு ரூபாய் என்று தாவித்தான் நகரும்; ஏறும்போது உடனே ஏறும், இறங்கும்போது யோசித்து இறங்கும்.

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்கும் அப்படியே. ஓவர்லாக், பேட்லாக் என்று ஒவ்வொரு வேலைக்கும் பீஸுக்கு இத்தனை காசு என்று கூலி பேசுவார்கள். ஐந்து காசு கூடினால் வாரக் கடைசிச் சம்பளத்தில் தெரியும். சோமனூர், பல்லடம் வட்டாரத்து விசைத்தறிகளில் கூலி மீட்டர் கணக்கில் ஓடுகிறது. பாவு நூலைக் கொடுத்துத் துணியாக்கி வாங்கும் ஜவுளி உற்பத்தியாளர்களுக்கும் கூலிக்கு நெய்யும் தறி உரிமையாளர்களுக்கும் இடையே இதில் ஓயாத இழுபறி. 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் மற்ற ரகங்களுக்கு 20 சதவீதமும் உயர்த்துவதாகப் பேச்சுவார்த்தையில் முடிவானது. அது நடைமுறைக்கு வராததால் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே தறிகள் மீண்டும் நின்றன.

தொழிலில் இப்படி உயிரோடு இருக்கும் காசு, கடைத்தெருவில் கண்ணெதிரே செத்தது. விலைவாசி ஏற ஏற முதலில் ஒரு பைசாவும் இரண்டு பைசாவும் காணாமல் போயின. பிறகு ஐந்து, பத்து, இருபது. அறிவிப்பு வருவதற்கு வெகு முன்பே மக்கள் அவற்றை வாங்க மறுத்துவிட்டார்கள். 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட எல்லா நாணயங்களும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமற்போயின. இடைப்பட்ட ஆண்டுகளில் சில்லறைக்குப் பதிலாகப் பல பொருள்கள் நாணய வேலை பார்த்தன. மளிகைக் கடையில் மீதிக்கு மிட்டாய் வரும், இல்லையென்றால் தீப்பெட்டி வரும். அந்த மிட்டாயைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் கடைக்காரர் வாங்கமாட்டார். ஒருவழிப் பாதையில் ஓடிய நாணயம் அது. கோவை வட்டாரத்தில் 1972-இல் ஏற்பட்ட சேரன் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகளிலும் அதன் வாரிசுகளிலும் நடத்துநர் மீதித் தொகையை டிக்கெட்டின் பின்னால் கிறுக்கித் தருவார். இறங்கும் நிறுத்தம் வந்து, கூட்டத்தில் நீந்தி, நடத்துநரைக் கண்டுபிடித்து ஒரு ரூபாயைக் கேட்டு வாங்குவதற்குள் வண்டி கிளம்பிவிடும். கேட்காமல் விட்ட ஒரு ரூபாய்கள் எங்கே போயின என்பதில் பயணிகளுக்கும் நடத்துநர்களுக்கும் இரு வேறு கருத்துகள் உண்டு. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும் அந்தத் தகராறில் பெரும் பகுதி தீர்ந்தது.

அரசு செல்லும் என்று சொன்னாலும் மக்கள் செல்லாது என்று தீர்மானித்தால் நாணயம் நின்றுவிடும் என்பதைப் பத்து ரூபாய் நாணயம் காட்டியது. 2009 முதல் புழக்கத்துக்கு வந்த இரு உலோக நாணயம் அது. கோடுகள் பத்தா பதினைந்தா, எது அசல் என்ற வதந்தி பரவி, தமிழகத்தின் பல மாவட்டங்களில் கடைக்காரர்கள் கைநீட்ட மறுத்தார்கள். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. 14440 என்ற தொலைபேசி எண்ணில் விளக்கமும் சொன்னது. அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் தயக்கம் நீடித்தது.

ஒற்றை ரூபாய் நாணயத்துக்கு மட்டும் கொங்கில் இரண்டு இடங்களில் மவுசு குறையவில்லை. ஒன்று கல்யாண வீடு. மொய் 101, 501, 1,001 என்றுதான் எழுதப்படும். நூறாகவோ ஐந்நூறாகவோ முடிப்பது வழக்கமில்லை. எனவே ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியே மொய்க் கவர்கள் விற்பனைக்கு வருகின்றன. மொய் நோட்டு வீட்டில் பத்திரமாக இருக்கும்; எழுதியவர் வீட்டு விசேஷத்தின்போது அதைப் பிரித்துப் பார்த்துத்தான் திருப்பிச் செய்வார்கள். மற்றொன்று ஆலாந்துறை அருகே வடிவேலம்பாளையம். அங்கே கமலாத்தாள் என்ற மூதாட்டி ஓர் இட்லியை ஒரு ரூபாய்க்கு விற்றுவந்தார்; அதற்கு முன் ஐம்பது காசு. ஆட்டுக்கல்லில் மாவாட்டி விறகடுப்பில் அவித்த அந்த இட்லியின் காணொளி 2019-இல் நாடெங்கும் பரவியது. தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா எரிவாயு அடுப்புக்கு உதவ முன்வந்தார். 2022-இல் அவருடைய குழுமம் வீடும் கட்டிக் கொடுத்தது. அரசும் 2013-இல் அம்மா உணவகங்களைத் திறந்தபோது இட்லிக்கு வைத்தது அதே ஒரு ரூபாய்தான். இரண்டிலும் அந்த ரூபாய் அடக்கவிலையைத் தொடாது. வாங்குகிறவர் கையேந்தவில்லை என்ற மதிப்பைக் காப்பாற்றுவதே அதன் வேலை.

இனி, வாங்கியவருக்குக் கடைக்காரர் திருப்பிக் கொடுக்கும் பக்கம். புள்ளி, கேஷ்பேக் என்ற பெயர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே இங்கே கொசுறு இருந்தது. காய் வாங்கினால் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் விலையில்லாமல் கூடையில் விழும். காரமடை, தொண்டாமுத்தூர் பக்கம் கறிவேப்பிலையைத் தோட்டப் பயிராகவே போடுவதால் கோவைச் சந்தைகளில் இந்த வழக்கம் தாராளமாக நடந்தது. அதன் விலை எகிறும் வாரங்களில் மட்டும் கொத்து சிறுத்துப்போகும். தானியம் அளக்கும்போது வள்ளத்தைத் தலை தட்டாமல் குவித்து அளப்பதும் இதே வகை. கொசுறுக்கு விதி கிடையாது. கேட்கத் தெரிந்தவருக்குக் கூடுதல், புதியவருக்குக் குறைவு. ஆனால் கைமேல் கிடைக்கும், காலாவதி ஆகாது.

பற்று நோட்டில் எழுதி மாதக் கடைசியில் தீர்க்கும் வாடிக்கையாளர்களுக்கு மளிகைக் கடைக்காரர் ஆண்டுப் பிறப்பில் சிவகாசித் தினசரி காலண்டர் தருவார். அதற்கு மேல் போனால் தீபாவளிச் சீட்டு: வாரா வாரம் சிறு தொகை கட்டினால் தீபாவளிக்கு இனிப்பு, பட்டாசு, அதோடு ஒரு பாத்திரம். நகைக்கடைச் சீட்டில் பதினொரு மாதம் கட்டினால் பன்னிரண்டாம் மாதத் தவணையில் ஒரு பகுதியைக் கடை போடும். பதினொரு மாதம் என்ற எல்லை சும்மா வந்ததல்ல. பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாள்களுக்குள் பொருளாகத் தீர்க்காவிட்டால் அது வைப்புத்தொகையாகிவிடும் என்பது 2014-ஆம் ஆண்டு நிறுவன விதி. பெயிண்ட் டப்பாவுக்குள் கிடக்கும் டோக்கன் இன்னொரு வகை. டப்பாவின் விலையைக் கொடுப்பவர் வீட்டுக்காரர். டோக்கனை எடுத்துப் பணமாக்குகிறவர் பெயிண்டர். எந்த பெயிண்ட் நல்லது என்று சொல்பவரும் அவரேதான்.

அமெரிக்காவில் 1896-இல் எஸ் அண்ட் எச் பச்சை முத்திரைகள் தொடங்கியபோதே புள்ளிகளின் இலக்கணம் உருவாகிவிட்டது: வாங்கிய தொகைக்கு ஏற்ப முத்திரை, முத்திரைகள் சேர்ந்தால் பொருள். விமான நிறுவனங்கள் 1981-இலிருந்து அதை மைல் கணக்காக்கின. இந்தியாவில் 1999-இல் பாரத் பெட்ரோலியத்தின் பெட்ரோபோனஸ் அட்டை வந்தது. அதன் பிறகு வங்கி அட்டைகள், பல்பொருள் அங்காடிகள், துணிக்கடைகள் என்று ஃபோன் நம்பர் கேட்காத பில்லிங் கவுன்டரே இல்லை என்றாயிற்று.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு கடிவாளம் உண்டு. பொருள் வாங்குகிறவர்களுக்குள் குலுக்கல் போட்டோ வேறு வழியிலோ ஒருசிலரை மட்டும் தேர்ந்து பரிசு கொடுப்பதை 1979-ஆம் ஆண்டுப் பரிசுத் திட்டத் தடைச் சட்டம் தடுக்கிறது. லாட்டரியோடு இந்த மாநிலத்துக்கு இருந்த உறவும் ஏற்ற இறக்கமானது. 1968-இல் அண்ணா அரசு ஒரு ரூபாய்ச் சீட்டுக்கு ஒரு லட்சம் பரிசு என்று தானே லாட்டரி நடத்தியது. 2003-இல் எல்லா லாட்டரியும் தடையானது. வாளையாரைத் தாண்டினால் கேரளச் சீட்டு கிடைக்கும் என்பது கோவைக்காரர்களுக்குத் தெரிந்த வழி. 2017-இல் கூகுளின் தேஸ் செயலி வந்து, பணம் அனுப்பியவர்களுக்குச் சுரண்டும் அட்டையில் அதிர்ஷ்டப் பரிசு கொடுத்தபோது தமிழ்நாட்டுப் பயனர்களுக்கு அது கிடையாது என்று ஒதுக்கி வைத்தது இந்தச் சட்டத்தால்தான். விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று வருவதற்கும் அதுவே காரணம். எல்லோருக்கும் ஒரே வீதத்தில் கிடைக்கும் புள்ளி குலுக்கல் அல்ல என்பதால் அது தப்பித்தது.

புள்ளி ஒன்றின் மதிப்பு எவ்வளவு? ஸ்டேட் வங்கியின் வெகுமதித் திட்டத்தில் நெடுங்காலமாக நடைமுறையில் இருந்த கணக்கு நான்கு புள்ளிக்கு ஒரு ரூபாய். அதாவது புள்ளிக்கு 25 காசு. 2011-இல் செல்லாமற்போன நாலணா, கணினிக் கணக்கில் அப்படியே தொடர்ந்திருக்கிறது. நூறு ரூபாய்ச் செலவுக்கு ஒரு புள்ளி என்று கொடுக்கும் கடன் அட்டையில் மாதம் பத்தாயிரம் ரூபாய்க்கு மளிகை வாங்கினால் நூறு புள்ளி சேரும். பெறுமானம் 25 ரூபாய். சில அட்டைகளில் புள்ளியை மாற்றிக்கொள்ள 99 ரூபாய்க் கட்டணம் உண்டு. அதன்மேல் 18 சதவீத வரியும் சேர்ந்தால் 116 ரூபாய் 82 காசு. இந்தக் கட்டணத்தை ஈடுகட்டவே 468 புள்ளிகள், அதாவது 46,800 ரூபாய்ச் செலவு ஆகியிருக்க வேண்டும். அதற்கு மேல் சேர்ந்த புள்ளிதான் லாபக் கணக்கில் வரும். அட்டைத் தவணையை ஒரு மாதம் தவறவிட்டால் வட்டியில் அதுவும் போய்விடும். மாற்றிக்கொள்ளாத புள்ளி பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். வீதத்தை மாற்றும் உரிமையும் கொடுப்பவர் கையில்தான்.

2016-இல் யு.பி.ஐ. வந்தபின் கோவைப் பேக்கரிகளில் டீக்கும் வடைக்கும் க்யூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்கிறார்கள். 12 ரூபாய் டீக்கு மூன்று ரூபாய் மீதி தேடும் அவசியம் போயிற்று. காசுவரை துல்லியமாக அனுப்பும் வசதி கையில் வந்தும், விலைப்பலகைகள் முழு ரூபாயிலேயே நிற்கின்றன. கணினி பில்லின் கடைசி வரியில் ரவுண்ட் ஆஃப் என்று நாற்பது காசு ஏறுவதும் முப்பது காசு இறங்குவதும் யார் கண்ணிலும் படுவதில்லை. அமெரிக்கா தன் ஒரு சென்ட் நாணயத்தை அடிப்பதை 2025 நவம்பரில் நிறுத்தியது. கனடா 2012-லேயே நிறுத்திவிட்டது. இந்தியாவில் ரூபாய்க்குக் குறைந்த நாணயங்களில் மிஞ்சியிருப்பது ஐம்பது காசு. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி அது பத்து ரூபாய் வரையிலான தொகைக்கு, அதாவது இருபது நாணயங்கள் வரை, செல்லுபடியாகும் பணம். கோவைக் கடைகளில் அதை நீட்டினால் சிரிப்பார்கள். ஆனாலும் சட்டத்தின் பார்வையில் அது பணம். எந்த நிறுவனத்தின் புள்ளிக்கும் அந்தத் தகுதி இல்லை.